பிரிக்காத பெட்டி

ஓட்மாரின் பெட்டி செத்தது பிப்ரவரியில், ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம். அவர் மனைவி மார்லீஸுக்குக் கெட்ட காலம் மறுநாள் காலையிலேயே ஆரம்பித்துவிட்டது.

பெட்டி என்றால் ரயில் பெட்டி அல்ல. அந்த வீட்டு நிலவறை முழுக்கப் பதினோரு மீட்டர் நீளத்துக்கு ஒரு சின்ன ரயில் பாதை இருக்கிறது. பொம்மை ரயில் என்று ஓட்மாரின் காதுபடச் சொன்னவர்கள் யாரும் அந்த வீட்டில் இரண்டாவது கோப்பை காபி குடித்ததில்லை. நாற்பத்திரண்டு வருஷ உழைப்பு. நான்கு ஸ்டேஷன், இரண்டு சுரங்கம், சுண்டுவிரல் நுனி உயரத்தில் முந்நூறு பயணிகள், நாற்பத்து மூன்று என்ஜின். இத்தனையையும் ஓட்டிக்கொண்டிருந்தது மேஜை ஓரத்தில் இருந்த ஒரு சாம்பல் நிறக் கட்டுப்பாட்டுப் பெட்டி. ஸோன்டல் கம்பெனி செய்தது. அந்தக் கம்பெனி தொண்ணூற்றெட்டிலேயே கதவைச் சாத்திவிட்டது.

பெட்டிக்குள் ஒரு சிப். இந்தப் பக்கம் இருபது கால், அந்தப் பக்கம் இருபது கால். மூளை அதுதான். பக்கத்திலேயே சூடாகும் இன்னொரு பாகத்தை வைத்துக் கட்டியிருந்தார்கள்; வெந்து வெந்து ஒருநாள் அது போய்விட்டது. கடையில் அதே சிப் வெற்றாகக் கிடைக்கும். உள்ளே எழுதியிருப்பதுதான் எங்கும் கிடைக்காது. எழுதியவர்கள் யாரும் நகலெடுக்க முடியாதபடி பூட்டி வைத்துவிட்டு ஆளுக்கொரு திசையில் போய்விட்டார்கள். புதுப் பெட்டி வாங்கலாமே என்றால், புதுப் பெட்டி பேசுவது அந்த நாற்பத்து மூன்று என்ஜினுக்கும் புரியாது.

இதில் மார்லீஸுக்கு என்ன வந்தது என்று கேட்கலாம். ரயிலின் முன்பக்கம் எது பின்பக்கம் எது என்றுகூட அவள் பார்த்ததில்லை. ஆனால் கல்யாணமான நாளிலிருந்து சாயங்காலம் ஆறு மணிக்கு ஓட்மார் கீழே இறங்குவார், பத்து மணிக்கு ஏறி வருவார். பட்டறையில் வேலை பார்த்த காலத்திலும் அப்படித்தான், ஓய்வு பெற்ற பிறகும் அப்படித்தான். அந்த நான்கு மணி நேரம் வீடு அவளுடையது. வானொலி, குறுக்கெழுத்து, நாற்காலி மேல் நீட்டிய கால். தரைக்குக் கீழே சக்கரங்கள் ஓடும் மெல்லிய சத்தம் கேட்டுக்கொண்டிருக்கும். அப்படிக் கேட்கும்போதெல்லாம் புருஷனை அவளுக்குப் பிடித்துத்தான் இருந்தது. எதிரே வந்து உட்கார்ந்தால்தான் பிடிக்கவில்லை.

புதன்கிழமையிலிருந்து எதிரே வந்து உட்கார்ந்துவிட்டார்.

"தோலை இவ்ளோ தடிமனாவா சீவுவ?" என்றார், அவள் உருளைக்கிழங்கு உரிப்பதைப் பார்த்து.

"நாப்பத்திரண்டு வருஷமா இப்படித்தான் சீவறேன்."

"அதான் கேக்கறேன். எவ்ளோ கிழங்கு வீணாப் போயிருக்கும்? நான் கணக்குப் போட்டுப் பாக்கட்டுமா?"

"நீ கீழ போய் உன் பெட்டியைப் பாரேன்."

"பெட்டிதான் செத்துப் போச்சே."

"அப்ப பக்கத்துல உக்காந்து துக்கம் விசாரி. இங்க என் கத்தியப் பாக்காத."

மார்ச்சில் சமையலறை இழுப்பறைகளுக்கெல்லாம் பெயர்ச்சீட்டு ஒட்டினார். 'கரண்டி, பெரியது.' 'கரண்டி, சிறியது.' 'கரண்டி, பிற.' ஏப்ரலில் குளிர்பெட்டிக் கதவில் ஒரு கால அட்டவணை வந்தது. 17:52 தண்ணீர் அடுப்பில். 18:04 பிசைந்த மாவு தண்ணீரில். 18:11 தட்டு மேஜையில். ஒருநாள் பயறு வேகச் சற்று நேரமானபோது கைக்கடிகாரத்தைப் பார்த்து, "ஏழு நிமிஷம் தாமதம்" என்று சத்தமாக அறிவித்தார். விளையாட்டாகத்தான் சொன்னார். மார்லீஸ் கரண்டியைச் சட்டியிலேயே விட்டுவிட்டுத் தோட்டத்துக்குப் போய்விட்டாள்.

அந்தத் தோட்டத்தைச் சொல்லியாக வேண்டும். ஊரின் மேற்குச் சரிவில் அவள் பிறந்த வீடு. அம்மா சாகும்போது வீட்டைத் தம்பி கெப்ஹார்டுக்கும், வீட்டை ஒட்டிய தோட்டத்தை மகளுக்கும் எழுதி வைத்தாள். பதினோரு ஆப்பிள் மரம், ஒரு பேரி, கருவிகள் போட ஒரு மரக்குடில். குளிர்காலக் கடைசியில் ஏணி வைத்துக் கிளைகளை வெட்டுவாள். ஜூனில் அரிவாளால் புல் அறுப்பாள். அக்டோபரில் குனிந்து குனிந்து பழம் பொறுக்கிச் சாக்கில் கட்டி ஆலைக்குக் கொண்டுபோய்ச் சாறு பிழிந்து வருவாள். இடுப்பு மூன்று நாள் நிமிராது. இருந்தாலும் எழுபது வயதில் யாரும் குறை சொல்லாமல் அவள் வேலை செய்த இடம் அது ஒன்றுதான்.

பெட்டிக்காகத் தம்பியிடம் போகும் எண்ணம் அவளுக்கு முதலில் வரவில்லை. இருவரும் சந்தைகளுக்குத்தான் போனார்கள். ஞாயிற்றுக்கிழமைதோறும் எங்காவது ஒரு ஊரின் விளையாட்டுக் கூடத்தில் பழைய ரயில் சாமான் விற்பார்கள். ஓட்மாருக்குக் கண் மங்கியதால் வண்டி ஓட்டுவது மார்லீஸ். அவர் பக்கத்தில் உட்கார்ந்து, மடியில் வரைபடத்தை விரித்து, பிளாஸ்கிலிருந்து காபி ஊற்றி, பிரெட்சல் ரொட்டியைப் பிய்த்து வெண்ணெய் தடவி அவள் கையில் கொடுப்பார். வழியெல்லாம் ஏதோ ஒரு பாட்டை மூக்கால் முனகிக்கொண்டே வருவார். போன காரியம் பலிக்காமல் திரும்பும்போதும் அந்த முனகல் நிற்காது. மனுஷனுக்குச் சூடு சுரணை இருக்கிறதா என்று மார்லீஸ் நினைத்துக்கொள்வாள்.

ஸோன்டல் பெட்டிகள் கிடைக்காமல் இல்லை. 'பாகங்களுக்கு மட்டும்' என்று எழுதி மேஜைக்கடியில் கிடக்கும். அப்படி ஐந்து வாங்கினார்கள். வீட்டுக்கு வந்து திருகைக் கழற்றுவார் ஓட்மார். டார்ச் அடிப்பாள் மார்லீஸ். ஐந்திலும் திரை நன்றாக இருந்தது, பொத்தான் நன்றாக இருந்தது, சிப் மட்டும் வெந்திருந்தது. ஆறாவது பெட்டியை விற்க வந்த தாடிக்காரரிடம் மார்லீஸே பேசினாள்.

"இது ஓடுமாங்க?"

"ஓடினா நான் ஏம்மா விக்கப் போறேன்? வீட்ல வச்சு ஓட்டிக்கிட்டிருக்க மாட்டேன்?"

"எது போச்சுன்னு தெரியுமா?"

"எல்லாருக்கும் எது போச்சோ அதுதான்." தாடிக்காரர் சிரித்தார். "உயிரோட இருக்கற சிப் வேணும்னா ரெண்டு எடத்துலதான் கெடைக்கும். ஒண்ணு, ஓடிக்கிட்டிருக்கற பெட்டில. அத எவனும் தர மாட்டான். இன்னொண்ணு, பிரிக்காத பெட்டில. அத வச்சிருக்கறவன் செத்தாலும் தர மாட்டான்."

பிரிக்காத பெட்டி. மார்லீஸுக்குத் தம்பியின் ஞாபகம் வந்தது. ஓட்மார் அடுத்த மேஜையில் ஏதோ ஒரு விளக்குக் கம்பத்தை மூக்கருகே வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அவரிடம் அவள் ஒன்றும் சொல்லவில்லை.

கெப்ஹார்டும் ரயில்காரன்தான். ஆனால் ஓட்டுகிற ஜாதி இல்லை, சேர்க்கிற ஜாதி. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஆயிரத்து நூறு பெட்டி வைத்திருந்தான், ஒன்றைக்கூடப் பிரித்ததில்லை. கம்பெனி ஒட்டிய முத்திரை நாடா அறுந்தால் மதிப்பு பாதியாகிவிடும் என்பது அந்த ஜாதியின் வேதம். வெள்ளைக் கையுறை போட்டுத்தான் அட்டையையே தொடுவான். அவனுக்கும் ஓட்மாருக்கும் இருபது வருஷமாகப் பேச்சு இல்லை. ஏதோ ஒரு பெட்டியை ஓட்மார் பிரிக்கச் சொன்னாராம், அதில் தகராறாம். பெரியவர்கள் பெட்டிக்குச் சண்டை போட்டதை மார்லீஸ் அப்போது காது கொடுத்துக் கேட்கக்கூட இல்லை.

செப்டம்பர் கடைசியில் தம்பி வீட்டுக்குப் போனாள். மூடுபனி விலகாத காலை.

"செருப்பை வாசல்லயே விட்டுடுக்கா."

"செருப்போட நான் என்னைக்குடா உள்ள வந்திருக்கேன்?"

"சும்மா சொன்னேன். தூசி."

அம்மா மாவு பிசைந்த மேஜையில் பெட்டிகள் கூரை வரை அடுக்கியிருந்தன. உட்கார ஒரு முக்காலிதான் இருந்தது. கெப்ஹார்ட் நின்றுகொண்டான்.

"உன்கிட்ட ஸோன்டல் பெட்டி ஒண்ணு இருக்குல்ல?"

"இருக்கு. தொண்ணூத்தாறுல வாங்கினது. நாடா அறுக்கல."

"எனக்கு அது வேணும்."

"உனக்கா? மச்சானுக்கா?"

"எனக்குடா."

"அவர் அனுப்பினாரா? அது மேல அவருக்கு எப்பவும் ஒரு கண்ணு. பிரிச்சிடு, பிரிச்சிடுன்னு அன்னைக்கு உசிர வாங்கினாரு."

"நான் வந்ததே அவருக்குத் தெரியாது."

கெப்ஹார்ட் கையுறையை விரல் விரலாக இழுத்துச் சரி செய்தான். "நீ பிரிச்சிடுவ."

"பின்ன? அலமாரில வச்சுக் கும்பிடவா?"

"நான் அப்படித்தானே வச்சிருக்கேன்."

"விலையச் சொல்லு."

"பணமா? பணத்த வச்சு நான் என்னக்கா பண்ணப் போறேன்? எனக்கு எடம் வேணும். பாரு, படுக்கற கட்டில்ல பாதிக்குப் பெட்டிதான் படுத்திருக்கு." ஜன்னல் பக்கம் திரும்பினான். ஜன்னலுக்கு வெளியே, பனிக்குள், முதல் வரிசை ஆப்பிள் மரங்கள் தெரிந்தன. "ஒரு கூடம் கட்டணும். ஜன்னல் இல்லாத கூடம். வெயில் பட்டா அட்டை வெளுத்துடும்."

"தோட்டத்தையா கேக்கற?"

"உனக்கும் வயசாகுது. ஏணில ஏறி விழுந்து வச்சா யாரு பாக்கறது?"

"என் இடுப்பப் பத்தி உனக்கு இருக்கற அக்கறைய நெனச்சா அழுகையே வருதுடா."

"யோசிச்சுச் சொல்லுக்கா. அவசரமில்ல. பெட்டி எங்கயும் ஓடிப் போகாது."

மூன்று வாரம் யோசித்தாள். அந்த மூன்று வாரமும் பழம் பொறுக்கினாள். அந்த வருஷம் காய்ப்பு அப்படி. வீட்டுக்கு வந்தால் ஓட்மார் மேஜையில் தயாராக உட்கார்ந்திருப்பார். உருளைக்கிழங்கு சாலட்டில் ஊற்றிய சூப் போதவில்லை என்பார். சாக்கைத் தூக்க வரட்டுமா என்று கேட்பார். வேண்டாம் என்றால் ஏன் வேண்டாம் என்று கேட்பார். வானொலியில் யாராவது ஏதாவது சொன்னால், சொல்லி முடிப்பதற்குள் இவர் பதில் சொல்வார். கடைசியில் ஒருநாள் அவளுடைய குறுக்கெழுத்தை எடுத்துப் பேனாவால் முடித்து வைத்திருந்தார்.

"உனக்கு உதவியா இருக்கட்டும்னு," என்றார்.

மார்லீஸ் அந்தத் தாளைப் பார்த்துக்கொண்டே நின்றாள். கட்டம் ஒன்றுகூடக் காலியாக இல்லை. மறுநாள் தம்பிக்குப் போன் செய்தாள்.

பத்திரம் பதிகிறவர் முழுப் பத்திரத்தையும் சத்தமாகப் படித்தாக வேண்டும், சட்டம் அப்படி. அவர் ஒரே மூச்சில் படித்துக்கொண்டு போனார். மனையின் எண், எல்லை, மரங்கள் உட்பட. அதற்கு ஈடாகக் கட்டுப்பாட்டுப் பெட்டி ஒன்று, முத்திரை உடைக்கப்படாத நிலையில், உள்ளது உள்ளபடி. அந்த இடத்தில் மட்டும் அவர் நிறுத்தி, கண்ணாடிக்கு மேலாக மார்லீஸைப் பார்த்தார்.

"இது உங்க விருப்பந்தானேம்மா? மனைக்கு ஈடா இது?"

"என் விருப்பந்தான். நீங்க படிங்க."

முடி வெட்டிக்கொள்ளப் போவதாகச் சொல்லிவிட்டு வந்திருந்தாள். வெட்டாத முடியோடு திரும்பினாள். ஓட்மார் பார்த்துவிட்டு, "நல்லா வெட்டியிருக்கா" என்றார்.

சனிக்கிழமை மதியம் மூன்று மணிக்குக் கெப்ஹார்ட் பெட்டியைக் கைக்குழந்தை மாதிரி ஏந்திக்கொண்டு வந்தான். வாசலிலேயே கொடுத்துவிட்டுப் போயிருக்கலாம், மனசு வரவில்லை. பின்னாலேயே நிலவறைக்கு இறங்கினான். ஓட்மார் அட்டையைப் பார்த்தார், மச்சானைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார். முகத்தில் சந்தோஷம் இல்லை. ஆச்சரியத்தில் இருக்கிறார் என்று மார்லீஸ் நினைத்துக்கொண்டாள்.

"இது எப்படி?" என்றார்.

"கேள்வியெல்லாம் அப்புறம். பிரி."

"மார்லீஸ், இது வேண்டாமே..."

"பிரின்னு சொல்றேன்ல."

ஓட்மார் கத்தியை நாடாவின் மேல் வைத்தபோது கெப்ஹார்ட் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். இருபத்தெட்டு வருஷத்து நாடா பட்டென்று அறுந்தது. அட்டைக்குள் வெள்ளை நுரை, நுரைக்குள் சாம்பல் நிறப் பெட்டி, ஒரு கீறல் இல்லாமல். மார்லீஸுக்கு மூச்சே அப்போதுதான் வந்தது. ஓட்மார் நான்கு திருகையும் கழற்றினார். ஐந்து செத்த பெட்டிக்கு டார்ச் அடித்த பழக்கத்தில் அவள் சொல்லாமலே டார்ச்சை எடுத்தாள்.

மூடியைத் தூக்கியதும் ஒரு வாடை வந்தது. புளித்த, உலோக வாடை. உள்ளே சர்க்யூட் பலகை மேல் பச்சையும் வெள்ளையுமாக உப்புப் பூத்திருந்தது. நடுவில் ஒரு சின்னப் பேட்டரி, என்ஜின்களின் எண்ணை நினைவில் வைத்திருக்கக் கம்பெனியே பற்றவைத்து அனுப்பியது, வெடித்துக் கசிந்து கிடந்தது. கசிந்தது ஓடி, சிப்பின் கீழே போய்த் தேங்கியிருந்தது. ஓட்மார் இடுக்கியால் சிப்பைத் தொட்டார். ஒரு கால் ஒடிந்து விழுந்தது. இன்னொன்றைத் தொட்டார். அதுவும் விழுந்தது.

"புதுப் பெட்டி..." என்றான் கெப்ஹார்ட். "நான் தொடவே இல்லையே. ஒருநாள் கூடத் தொடலையே."

"அதனாலதான்," என்றார் ஓட்மார். "ரெண்டாயிரத்து மூணுலயே உன்கிட்ட சொன்னேன். பிரிச்சு அந்தப் பேட்டரிய வெட்டி எறி, இல்லன்னா உள்ளயே அழுகும்னு. ஓட்டறவன் எல்லாரும் பத்து வருஷத்துல அத வெட்டிட்டோம். நீ என்ன சொன்ன?"

"பொறாமைல சொல்றீங்கன்னு நெனச்சேன்."

"நெனைக்கல. என் வாசல்ல நின்னு கத்துன."

கெப்ஹார்டின் முகம் வெளுத்துக்கொண்டே போனது. வீட்டில் பேட்டரி வைத்த பெட்டி இன்னும் எத்தனை இருக்கிறது என்று எண்ணுகிறான் என்பது அவன் விரல் அசைவதிலேயே தெரிந்தது.

"இப்பவாவது போய்ப் பிரிச்சுப் பாருடா," என்றாள் மார்லீஸ். குரல் அவளுக்கே யாருடையதோ போல் கேட்டது.

கெப்ஹார்ட் தலையை வேகமாக ஆட்டினான். "இல்லக்கா. பிரிச்சாத்தானே தெரியும்? பிரிக்காத வரைக்கும் புதுசுதான்." அறுந்த நாடாவை மேஜையிலிருந்து எடுத்து, மடித்து, சட்டைப் பையில் வைத்துக்கொண்டு படியேறிப் போனான். தோட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அவன் பேச வேண்டிய அவசியமும் இல்லை, எல்லாம் எழுத்தில் இருந்தது.

இருவர் மட்டும் நின்றார்கள். முந்நூறு பயணிகள் நான்கு ஸ்டேஷனில் காத்திருந்தார்கள்.

"உனக்கு முன்னாடியே தெரியுமா?" என்றாள்.

"கெட்டிருக்கும்னு தெரியும். அது உன் தம்பிகிட்ட இருக்கறதும் தெரியும். நீ அங்க போவேன்னுதான் தெரியாது."

"பிப்ரவரிலேருந்து தெரிஞ்சும் ஏன் சொல்லல?"

ஓட்மார் இடுக்கியைத் துடைத்தார். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தார். "எங்கயும் கெடைக்காதுன்னு சொல்லியிருந்தா நீ தேடறத நிறுத்தியிருப்ப."

"அதனால என்ன?"

"ஞாயித்துக்கிழமை. நீ வண்டி ஓட்டுவ. நான் காபி ஊத்தித் தருவேன்." இடுக்கியைக் கீழே வைத்தார். "நாப்பது வருஷமா இந்தக் குழிக்குள்ள கிடந்துட்டேன் மார்லீஸ். பெட்டி செத்தப்ப மொதல்ல ஒரு வாரம் கஷ்டமா இருந்துச்சு. அப்புறம் பாத்தா மேல நல்லாத்தான் இருக்கு. வெளிச்சமா இருக்கு. நீ இருக்க. நீயும் எனக்காக இவ்ளோ அலையறியேன்னு நெனச்சேன்."

மார்லீஸுக்கு அழுகை வரவில்லை. கோபம்கூட வரவில்லை. கீழே விழுந்துகொண்டிருப்பது போலிருந்தது.

"எத குடுத்து வாங்கின?" என்றார் ஓட்மார்.

"தோட்டத்த."

"எந்தத் தோட்டத்த?"

"என்கிட்ட எத்தன இருக்கு?"

அவர் ஸ்டூலில் உட்கார்ந்தார். "இந்தச் சிப்புக்கா? எதுக்கு?"

பொய் சொல்லியிருக்கலாம். உனக்காக என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் மனுஷன் ஆயுசு முழுக்க நம்பியிருப்பார். மார்லீஸுக்குத் தெம்பு இல்லை.

"நீ கீழ போகணும்னு," என்றாள். "ஆறு மணிக்குக் கீழ போய், பத்து மணி வரைக்கும் மேல வராம இருக்கணும்னு. அதுக்குத்தான்."

ஓட்மார் அவள் முகத்தையே பார்த்தார். பிறகு எழுந்து திருகுகளை ஒரு சின்ன டப்பாவில் போட்டு மூடினார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"தண்ணி வைக்கணும்," என்று சொல்லிவிட்டு, கைப்பிடியைப் பிடித்து ஒவ்வொரு படியாக ஏறிப் போனார்.

அடுத்த பிப்ரவரியில், அவள் வழக்கமாக ஏணி வைக்கும் வாரத்தில், மரங்களை வெட்டினார்கள். ரம்பச் சத்தம் ஊரின் இந்தப் பக்கம் வரை இரண்டு நாள் கேட்டது. மார்லீஸ் போய்ப் பார்க்கவில்லை. மூன்றாம் நாள் கெப்ஹார்ட் ஒரு தள்ளுவண்டி விறகு அனுப்பினான். ஓட்மார்தான் இறக்கி அடுக்கினார்.

இப்போதெல்லாம் சாயங்காலம் ஆறு மணிக்கு மார்லீஸ் வானொலியையும் குறுக்கெழுத்தையும் எடுத்துக்கொண்டு நிலவறைக்கு இறங்குகிறாள். பாதை ஓரத்தில், செத்த பெட்டிகளை ஒதுக்கிவிட்டு, ஒரு நாற்காலி போட்டிருக்கிறாள். கதவை உள்ளே தாழிட்டுக்கொள்கிறாள். முதல் சில நாள் ஓட்மார் படிக்கட்டின் தலைப்பில் நின்று, "கீழ குளிரும், மேல வாயேன்" என்று கூப்பிட்டுப் பார்த்தார். பிறகு கூப்பிடுவதில்லை. தட்டை மட்டும் 18:11க்கு வாசற்படியில் வைத்துவிட்டுப் போகிறார். கிழங்கின் தோலை மெல்லிசாகத்தான் சீவுகிறார்.

தலைக்கு மேலே அவர் நடக்கும் சத்தம் கேட்கிறது. இழுப்பறை திறக்கிறது, மூடுகிறது. மூக்கால் முனகும் அந்தப் பாட்டு மட்டும் இல்லை. மார்லீஸ் பேனாவை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருக்கிறாள். இங்கே உட்கார்ந்து கேட்கும்போது அவரை அவளுக்குப் பிடித்துத்தான் இருக்கிறது.